பாட்டில் வேம்பும் முனுசாமியின் சந்தேகமும்

வேங்கிக்கால் லேபில் எனக்குக் கிடைத்த முதல் வேலை பாட்டில் கழுவுவது. அந்தப் பாட்டில்களில்தான் டிஷ்யூ கல்ச்சர் முறையில் வேப்பங்கன்று வளர்த்தோம். பூச்சிமருந்துக்கு உதவும் அசாடிராக்டின் கொட்டையில் ஜாஸ்தியாக இருந்த ஒரே தாய்மரத்தின் துணுக்குகளிலிருந்து, மண்ணே இல்லாமல் வளர்ந்த அச்சு அசல் கன்றுகள் அவை. மரத்தை வெட்ட வேண்டாம், வருஷா வருஷம் கொட்டையை மட்டும் எடுத்தால் போதும் என்பது திட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில், செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்து வரப்புகளில் அவற்றை நட்டோம். ஊரே கைகட்டி வேடிக்கை பார்த்தது. முனுசாமி என்ற விவசாயி மட்டும் நேராகவே கேட்டார்.

"மண்ணையே பாக்காம பொறந்த மரம்மா இது. மாரியாத்தாளுக்கு ஆவுமா? ஆட்டுக்காவது ஆவுமா?"

தன் தம்பியின் நச்சரிப்பு தாங்காமல் கிணற்று வரப்பில் ஒன்றே ஒன்றுக்கு இடம் விட்டார். மறுநாளே சுற்றி முள் வைத்து அடைத்துவிட்டார். ஆடு தின்று செத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மரம் ஆளுயரம் தாண்டியும் ஒருத்தர்கூடப் பல்குச்சிக்கு ஒடிக்கவில்லை. நாங்கள் என்ன விஷமா விற்கிறோம் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

முதல் காய்ப்பு வந்த வருஷம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். இந்தக் கொட்டை டெஸ்டில் தேறாவிட்டால் லேபை மூடிவிடுவார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். பழம் பொறுக்க ஊர்ப் பெண்கள் வேண்டும், அதற்கு முதலில் சந்தேகம் போக வேண்டும். தெருவில் ஆடுகளை நிறுத்தி எங்கள் மரத்துத் தழையைப் போட்டார். ஆடுகள் ஆசையாகத் தின்றன. அவரும் ஒரு குச்சியை மென்று காட்டினார். ஊர் சிரித்தது, நம்பியது. எனக்கும் நிம்மதி.

ஆடி பிறந்ததும் பழம் பொறுக்கச் சாக்குப்பையோடு போனேன். கோயில் பந்தல், கூழ்ப்பானை, வாசல்படி எல்லாவற்றிலும் எங்கள் வேப்பிலை. கிளையோடு ஒடித்ததில் காயும் போய், மரங்கள் மொட்டையாக நின்றன.

"ஒங்க லேபு மரந்தாம்மா, தழை நல்லா கீது" என்று ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள். வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் கிணற்றுப் பக்கம் பார்த்தேன். முள்ளுக்குள் ஒரு மரம் முழுசாக நின்றது, கீழே மஞ்சள் மஞ்சளாகப் பழம்.

"எனுக்கு இன்னும் நம்பிக்கை வரலம்மா. அதான் ஒருத்தனையும் தொட வுடல" என்றார் முனுசாமி.

எல்லாம் ஒரே தாய்மரத்துக் கன்றுகள் என்பதால் ஒரு மரத்துக் கொட்டையே டெஸ்டுக்குப் போதும். தேறியது. லேப் பிழைத்தது.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நம்பாதவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், உங்கள் பொருளுக்கு அவர்தான் வேலி.

ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் மேனேஜர், முனுசாமியையும் நம்ப வைத்துவிடலாம் என்று மறுபடி ஆடு தேடக் கிளம்பினார்.

"அவர மட்டும் வுட்டுடுங்க சார்" என்றேன்.