சின்னக்கண்ணுவுக்கு மஞ்சள் சூடு

ஆறுமுகசாமி வாத்தியார் பேளுக்குறிச்சிக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில், பஸ் ஏறாத கொல்லிமலைக்கு அரிசி மூட்டையோடு நடந்தே ஏறி ஒற்றை ஆளாகப் பள்ளிக்கூடம் நடத்தியவர். நல்ல மனிதர்தான், சத்தம் மட்டும் ஆகாது. ‘மெதுவாப் பேசு’ என்பதுதான் அங்கே முதல் பாடம். மலைப் பிள்ளைகளோ இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கூவிக் கூவியே வளர்ந்தவர்கள்.

செல்லமுத்துவின் மகள் சின்னக்கண்ணுவுக்கு வாய் திக்கும். ‘அம்மா’ என்பதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். கிண்டல் செய்த பிள்ளைகளை வாத்தியார் முட்டி போட வைத்தார். பள்ளி விட்டதும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாகக் காதோடு காதாகச் சொல்லச் சொன்னார். குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் அடக்கினார். இந்த வைத்தியத்தை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தானாகக் கண்டுபிடித்த பெருமை வேறு. மாதக்கணக்கில் தலைகீழாக நின்றும் திக்கு கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு நாள் காலை அவள் வரவில்லை. அவளுடைய அம்மா பெருமாயிதான் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“ஏனுங்க வாத்தியாரே, பிள்ளைக்குத் தொண்டையில சூடு வைக்கப் போறாருங்க அவரு. நீங்க வந்து சொல்லுங்க!”

வாத்தியார் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

வாசலில், தணலில் விரலி மஞ்சள் கனிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செல்லமுத்து குந்தியிருந்தார். எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி, வாத்தியாரிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தலைக்கனம் பிடித்தவர் என்றே வாத்தியார் நினைத்திருந்தார்.

“பெத்த பிள்ளைக்குச் சூடு வைக்க எப்படீங்க மனசு வந்துது?”

செல்லமுத்து அண்ணாந்து தொண்டையைக் காட்டினார். பழைய தழும்பு.

“எ... எ... எனக்கும் வச்சாங்க. லே... லேசா வச்சுட்டாங்க. அ... அதான் திக்கு போகல. இவளுக்கு ஆ... ஆழமா வைக்கோணும்.”

கொடுமைக்காரன் என்றால் நாலு வார்த்தை திட்டலாம். இது பாசம்! மகள் தன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்று பதறுகிற மனிதனை என்னவென்று திட்டுவது?

“பிள்ளையைக் காணோமே!” என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்த பெருமாயி அலறினாள்.

எதிர்ச் சரிவில், சாமைக் காட்டின் மேலிருந்து குரல் வந்தது.

“அப்பாவோ...வ்! எனக்குச் சூடு வேண்டாம்! நான் ஊட்டுக்கு வர மாட்டேன்!”

ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. அதற்குள் செல்லமுத்து பதறி எழுந்து, கையைக் குவித்துக் கூவினார்.

“சாமீ...! சூடு வைக்கல! நீ ஊட்டுக்கு வா!”

அவருக்கும் திக்கவில்லை.

“இவங்க இப்படிப் பேசுவாங்கன்னு ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?” என்று கேட்டார் வாத்தியார்.

“அது கூப்பாடுங்களே,” என்றாள் பெருமாயி. “அதை யாரு பேச்சுல சேத்துவாங்க?”

அந்தக் குரலைத்தான் வாத்தியார் இத்தனை மாதமாக அமுக்கி வைத்திருந்தார்.

“நாளையிலிருந்து அவ பாடத்தைக் கூப்பாடாவே சொல்லட்டும்,” என்றார். “தூரத்துல ஆரம்பிச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் கிட்ட கூட்டிட்டு வாரேன். சூடு மட்டும் வேண்டாங்க.”

செல்லமுத்து தணலில் தண்ணீரைக் கொட்டினார். சின்னக்கண்ணு இறங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் தொண்டையைத் தடவிக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

“அ... அப்போ, எ... எனக்கு எதுக்குங்க வச்சாங்க?”