வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள்

இல்லை, வெடி விபத்து இல்லை. கேட்ட எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த நாரணாபுரத்துக்காரர், இளவயது, திடீர்ச் சாவு என்றால் எங்கள் பக்கத்தில் மனம் வேறெங்கும் போவதில்லை. லாரி. சாத்தூர் சாலை. பட்டப்பகல்.

விருதுநகரில் எங்கள் கல்லூரியின் கட்டடக் குழு அவருக்காகக் காத்திருந்தது. "இந்தப் பிள்ளை என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு?" என்றார் தலைவர். அப்போதுதான் என் செல்போன் அடித்தது.

மாரீஸ்வரி. எங்கள் புதிய நூலகத்தை வடிவமைத்தவர். அவருடைய அம்மா பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைப்பவர்.

பழைய கட்டடத்தின் கல் வளைவுகளைப் போலவே புதியதிலும் வைக்கச் சொன்னார்கள். அவர் வைக்கவில்லை. தாழ்வான, பூசாத காங்கிரீட். வார்ப்புப் பலகைகளின் வரிகள் சுவரில் அப்படியே.

"பழசு மாதிரி வேசம் போட்டா அந்தப் பழசுக்குத்தான் அவமானம்" என்றார்.

ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே இரண்டு கதவுகள். பட்டாசு ஆலையின் மருந்து அறைகளில் தீப்பிடித்தால் ஓடித் தப்ப வைப்பார்களே, அதுபோல வெளிப்பக்கம் திறப்பவை. வரைபடத்தைப் பார்த்துத் தலைவர் சிரித்தார்.

"ஏம்மா, லைப்ரரி கேட்டா மருந்து ரூம் போட்டுக் கொண்டாந்திருக்கியே!"

"மருந்து அடைக்கிறவகளுக்கு ரெண்டு வாசல், படிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணா, அண்ணாச்சி?"

அவர் வரைந்தபடியே கட்டடம் எழுந்தது.

பிறகு, பின்கதவு வழியாகப் புத்தகங்கள் காணாமல் போவதாகப் புகார். பின்கதவுகளை அடைத்துச் சுவர் எழுப்பத் தீர்மானம் தயாரானது. குழுவில் ஆசிரியர்கள் சார்பில் நான். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாரீஸ்வரி என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நான் வந்து பேசிக்கிடுறேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போட்டுறாதீக, டீச்சர்."

வரவில்லை.

நாரணாபுரத்தில் அவருடைய அம்மா அழவில்லை. யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "அம்புட்டு வருசம் மருந்துக்குள்ள கெடந்து நான் முழுசா வீடு வந்தேனே. இவ வெறும் பேப்பரைத்தானே தூக்கிட்டுப் போனா."

இந்த அஞ்சலிக் குறிப்பில் அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. பலகை வரிகள் பதிந்த அந்தச் சுவரில் மாலை வெயில் சாய்வாக விழும். அதைப் பார்க்க ஒருநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். போய் வாருங்கள், மாரீஸ்வரி.

மறுநாள் தீர்மானத்தைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தேன். புத்தகங்களுக்கு நான் பொறுப்பு என்று நூலகரிடம் சொன்னேன். ஒரு நாற்காலியை எடுத்துப் பின்கதவருகே போட்டு, உட்கார்ந்து, விடைத்தாள் திருத்தத் தொடங்கினேன்.