நைட்டி போட்டால்தான் பால்

எனக்கு மாடு பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. மாட்டைத் தெய்வம் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை அதன் பின்னங்காலுக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

நான் அயனாவரத்தில் வளர்ந்தவன். அப்பா அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பைக் மெக்கானிக். வாடகை ஏறிக்கொண்டே போனதில் வெறுத்துப்போய், சொந்த ஊரான கச்சிராயபாளையத்தில் தனியாகக் கடை போடுவது என்று முடிவு செய்தார். என்னை யாரும் கேட்கவில்லை. பத்தாவது முடித்திருந்தேன். ப்ளஸ் ஒன் அங்கேதான் என்றார்கள். அம்மா தன் கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு பின்னால் வருவதாகப் பேச்சு. அதுவரை நானும் அப்பாவும் அத்தை வீட்டில்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட நாக்பூரில் இருப்பது அதிகம். பிள்ளைகள் இல்லை. ஒரு கறவை மாடும் அதன் கன்றும்தான் அந்த வீட்டின் மற்ற ஆட்கள்.

வந்த முதல் வாரமே எனக்கு அந்த ஊரின் மேல் கோபம். செல்போன் சிக்னல் வேண்டுமானால் மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். அங்கே நின்றால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். மலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தெருவில் இறங்கினால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நிறுத்தி ஒரே கேள்வி. "யாரு வூட்டுப் புள்ள நீ?" பேரைக் கேட்க மாட்டார்கள். எந்த வீடு என்று தெரிந்தால் போதும். அத்தையைச் சொன்னால் "ஓ, மெக்கானிக்கு மவனா" என்று சொல்லிவிட்டு மேலேயும் கீழேயும் பார்ப்பார்கள். இதற்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டது.

பள்ளியில் முதல் நாளே சொதப்பினேன். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ எருக்குவியல் கொட்டி வைத்திருந்தார்கள். "இன்னாடா இது, கிளாஸ் ஃபுல்லா சாணி நாத்தம்?" என்று சத்தமாகவே கேட்டேன். கடைசி பெஞ்சில் வடக்கனந்தலிலிருந்து வருகிற ஒருவன் இருந்தான். கதவு அளவுக்கு இருப்பான். "மூக்க மெட்ராஸ்லயே கழட்டி வச்சிட்டு வந்திருக்கலாம் இல்ல?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் மெட்ராஸ். மதியம் சாப்பிடும்போது என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. எனக்கு வீம்பு ஜாஸ்தி.

கரும்பு வெட்டு ஆரம்பித்த சமயத்தில், புல் அறுக்கப் போன அத்தை வாய்க்கால் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது கை எலும்பு விரிசல் விட்டுவிட்டது. முழங்கை வரை மாவுக்கட்டு. வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் போனது மாட்டுக் கொட்டகைக்கு. மாடு அந்த வெள்ளைக் கட்டைப் பார்த்தது, ஆஸ்பத்திரி மருந்து வாடையை மோந்தது, மூக்கு விடைக்க மிரண்டு பின்னால் போனது. தினமும் அவள் தோளை நக்குகிற மாடு அது. அத்தை கை உடைந்ததற்கு அழவில்லை. அதற்கு அழுதாள்.

அழுவதற்குக் காரணம் இருந்தது. கன்று போட்டுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. வேளாவேளைக்குக் கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும், காம்பு வீங்கும், அப்புறம் அந்த மாடு கறவைக்கு ஆகாது. அத்தைக்கு அது ஒன்றுதான் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள.

அப்பா போனார். தொடையில் உதை வாங்கிக்கொண்டு நொண்டியபடி வந்தார். பக்கத்து வீட்டு அக்கா போனார். உதைக்கவில்லை, ஆனால் பாலை எக்கிக்கொண்டு ஒரு சொட்டு இறக்கவில்லை. அந்த அக்காதான் சொன்னார்: "அது உங்க அத்த வாசனைக்குத்தான் சொரப்பு வுடும். அவுங்க நைட்டியப் போட்டுக்கினு யாராவது குந்துங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் மாட்டேன். அப்பா போடட்டும்."

"எனக்கு வவுத்துக்கிட்ட பத்தாதுடா" என்றார் அப்பா, வெட்கமே இல்லாமல்.

"நீதான்டா என் ஒசரம், என் ஒடம்பு" என்றாள் அத்தை. "யாரும் பாக்க மாட்டாங்க. பின்கதவ சாத்திக்கலாம். மாட்டுக்காகப் பண்ணுடா கண்ணு."

மாட்டுக்காக எல்லாம் பண்ணவில்லை. அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே நின்றாள், பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் போட்டேன். பச்சையில் மஞ்சள் பூப்போட்ட நைட்டி, மேலே ஒரு பழைய துண்டு. தவிடு, பால், வியர்வை, சாணி, எல்லா வாடையும் அதில் இருந்தது. மாடு என்னைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை மோந்து பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு வைக்கோல் தின்ன ஆரம்பித்தது. அவ்வளவுதான். இந்த மிருகத்துக்குப் போய் அறிவு இருக்கிறது என்கிறார்கள்.

அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டு கத்தினாள்.

"கன்னுக்குட்டிய மொதல்ல ஊட்ட வுடு! சொரப்பு வுட்டுச்சா? இப்ப இழுத்துக் கட்டு! காம்புல எண்ண தடவு!"

"வரல அத்த!"

"முறுக்காதடா, அது இன்னா பைக் ஆக்சிலேட்டரா? மேல புடிச்சி அமுக்கிக் கீழ வுடு!"

முதல் பீய்ச்சல் என் கண்ணில் அடித்தது. இரண்டாவது நைட்டியில். அப்புறம் வாளியில் சர் சர்ரென்று சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை சிரித்தாள்.

அதன் பிறகு காலையும் மாலையும் இதே வேலை. கறந்து முடித்ததும் நைட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீ ஷர்ட் போட்டுக்கொண்டு கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போவேன். அளக்கிறவர் "யார்ரா கறக்கறது?" என்று கேட்டால் அப்பா என்று சொல்வேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சாணி நாற்றம் என்று சொன்னவன் நைட்டி போட்டுக்கொண்டு கறக்கிறான் என்று அந்த வடக்கனந்தல் தடியனுக்குத் தெரிந்தால் ப்ளஸ் டூ முடியும்வரை நான் தலை நிமிர முடியாது.

ஒரு மழை விட்ட காலையில் எல்லாம் போயிற்று.

பள்ளியில் சிறப்பு வகுப்பு வைத்திருந்த நாள். சீக்கிரம் கறந்துவிட்டு ஓடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அப்பா ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கக் கள்ளக்குறிச்சி போயிருந்தார். பாதி கறந்திருப்பேன். கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று கொட்டகைச் சுவரை ஒட்டி வந்தது. அந்த டிரைவர்களுக்குக் கரும்பைவிடப் பாட்டுப் பெட்டிதான் பெரிது. ஸ்பீக்கர் அலற, அதற்கு மேல் ஹாரனையும் அடித்தான். மாடு ஒரே துள்ளு. ஈரத்தில் ஊறிக்கிடந்த முளைக்குச்சி கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாடு பின்கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டது.

"டேய், ரோட்டுக்கு ஓடுதுடா!" அத்தை மாவுக்கட்டோடு எழுந்து வந்தாள். "கரும்பு வண்டிங்க வருமேடா! மடில பாதிப் பாலு அப்புடியே நிக்குதுடா!"

"நீ வராத அத்த, உன்னப் பாத்தா இன்னும் ஓடும்!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

தெருமுனை திரும்பும்போதுதான் என்ன உடையில் ஓடுகிறேன் என்று உறைத்தது. எதிரே மெயின் ரோடு. அங்கேயே நைட்டியைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன். உள்ளே பனியனும் அரை டிராயரும் இருந்தன. துண்டு எங்கே விழுந்ததோ தெரியாது.

மாடு டீக்கடைக்கு எதிரே நடு ரோட்டில் நின்றிருந்தது. கழுத்துக் கயிறு முளைக்குச்சியோடு தொங்கியது. சரியாக அந்த நேரத்துக்கு டவுன் பஸ் வந்து நின்றது. கதவு வழியாக என் வகுப்பு முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது, அந்தத் தடியனையும் சேர்த்து.

"ஏய், ஓடாத, வா" என்று நெருங்கினேன். மாடு கொம்பைத் தாழ்த்தியது. நான் ஒரு எட்டு வைத்தால் அது இரண்டு எட்டு பின்னால் போனது. அதற்குப் பின்னால் வாய்க்கால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. டீக்கடையிலிருந்து ஒருவர் குச்சியை ஓங்கினார். மாடு இன்னும் மிரண்டது. "யோவ், குச்சியக் கீழ போடுய்யா!" என்று கத்தினேன். பெரியவர், சின்னவர் எல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

முதல் டிராக்டர் பாலத்தில் ஏறியது.

போட்டேன். பஸ் முழுக்கப் பார்க்க, வகுப்பு முழுக்கப் பார்க்க, அந்தப் பச்சை நைட்டியைத் தலை வழியாக மாட்டினேன். அவசரத்தில் முன்பக்கம் பின்னால் போய்விட்டது.

 உடனே விசில் கிளம்பியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யம்மா, கள்ளக்குறிச்சியா? ஏறு ஏறு, பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாது!" என்றார். பஸ்ஸே ஆடியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்தத் தடியன் குரல் கேட்டது.

"டேய் மெட்ராஸ், மூஞ்சிக்கு நேரா போவாத! பக்கவாட்டுல போ! உங்க அத்த எப்புடிக் கூப்புடுவாங்களோ அப்புடிக் கூப்புடு!"

அவன் சிரிக்காமல் சொன்னான். டீக்கடைக்காரர் தோளிலிருந்த துண்டை உருவி என் மேல் எறிந்தான். "துண்டு போட்டுக்கினுதான கறப்பாங்க? போடுறா!"

துண்டைப் போட்டுக்கொண்டேன். குரலை மேலே ஏற்றி, அத்தை மாதிரியே, "வாடி தாயி... ஹை, ஹை... எங்கம்மா இல்ல, வாடி" என்றேன். விசில் இன்னும் ஜாஸ்தியானது. மாட்டுக்கு அதெல்லாம் கேட்கவில்லை. காதை முன்னால் நீட்டியது. என் பக்கம் வந்தது. தோளை மோந்து, டீ வாடை அடித்த துண்டை நக்கிவிட்டு நின்றது. கயிற்றைப் பிடித்துவிட்டேன். டிராக்டர்கள் எங்களைத் தாண்டிப் போயின.

பிடித்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. "இன்னாடா எல்லாம் இளிக்கிறீங்க? இங்க வந்து புடிச்சிப் பாருங்கடா!"

"யார்ரா உன்னப் பாத்து இளிச்சா?" என்றான் தடியன். "எங்கம்மா சித்தி கல்யாணத்துக்குப் போனப்ப நான் பொடவையே கட்டிக்கினு கறந்தேன். இதோ இவனக் கேளு. இவன் அவங்க அக்கா சுடிதாரு, ஷாலோட."

"டேய், அத சொல்ல மாட்டேன்னு சொன்ன இல்ல!" என்று பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் குத்தினான்.

"மாடு கறக்கற வூட்ல பாதிப் பேரு போட்டவந்தான்டா. நீ ஒருத்தன்தான் ஊரக் கூட்டிப் போட்டுக்கினவன்" என்றான் தடியன்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊரில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"மடி கல்லாட்டம் இருக்கு, இப்பவே கறக்கணும்" என்று தடியன் மடியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னான். சிறப்பு வகுப்பு கணக்கு. யாருக்கும் போக ஆசை இல்லை. நான், மாடு, பின்னால் அந்தக் கும்பல் என்று வீட்டுக்குப் போனோம். மாவுக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வாசலில் நின்றிருந்த அத்தை மாட்டைப் பார்த்தாள், கும்பலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத்தன நாளா ஒருத்தனயும் வூட்டுக்கு இட்டுக்கினு வரல. இன்னிக்கு நைட்டியத் திருப்பிப் போட்டுக்கினு ஊர்வலமா இட்டுக்கினு வர?" என்றாள். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிரண்ட மாடு லேசில் பால் விடவில்லை. தடியன் கன்றை அவிழ்த்து முட்ட விட்டான், மடியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் தடவச் சொன்னான். நான் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. சுவருக்குப் பின்னால் அத்தை மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு மடி இளகியது. வாளியில் சர்ரென்று இறங்கியபோது யாரோ கை தட்ட, தடியன் அவன் வாயைப் பொத்தினான்.

அதற்குள் சொசைட்டியை மூடிவிட்டார்கள். அத்தை அவ்வளவு பாலையும் அடுப்பில் ஏற்றி, இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தாள். டம்ளர் பத்தாமல் சொம்பில்கூடக் குடித்தார்கள். மறுநாள் கணக்கு வாத்தியார் எங்கள் எல்லோரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். எருக்குவியலுக்குப் பக்கத்தில்தான். நான் நாற்றம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மதியம் தடியன் தன் சாப்பாட்டுத் தூக்கை என் பெஞ்சில் வைத்துவிட்டு, "தள்ளிக் குந்து நைட்டி" என்றான். மெட்ராஸ் போய் நைட்டி வந்தது.

அத்தைக்குக் கட்டு பிரித்ததும் வேலையை அவளிடம் ஒப்படைத்தேன். நைட்டியையும்தான். இதுதான் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டேன்.

அம்மா கணக்கு முடித்துக்கொண்டு, பெட்டி படுக்கையோடு ஒருநாள் வந்து இறங்கினார். நான் தண்ணீர்த் தொட்டி மேல் இருந்தேன். போன் அடித்தது.

"டேய், பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். யாரு வூடுன்னு கேட்டாங்க. உங்க அத்த பேரச் சொன்னேன், அப்பா பேரச் சொன்னேன். ஒடனே, 'அட, நைட்டிப் பையனோட அம்மாவா? குடுங்கக்கா பெட்டிய'ன்னு டீக்கடைக்காரரு பெட்டியத் தூக்கிக்கினு முன்னாடி நடக்குறாரு. யாருடா அந்த நைட்டிப் பையன்?"

"வா, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.