அக்கா பார்ப்பதற்கு ஒரு மீன்தொட்டி

அக்காவின் கணவரை வேலையிடத்தில் எல்லோரும், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். குளியலறைகளுக்குக் கண்ணாடித் தடுப்பு மாட்டுவது அவர் தொழில். விருந்துக்குப் போன வீட்டிலும் சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அக்கா படுத்த படுக்கையான பிறகு, "இந்தச் சுவரையே எவ்வளவு நேரங்க பாக்கிறது? அசையிற மாதிரி ஏதாவது வையுங்களேன்" என்றாள். டிவி சத்தம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மீன்தொட்டி வைக்கலாம் என்றார் அவர்; ஆனால் கடையில் விற்கும் தொட்டி அவருக்குப் பிடிக்கவில்லை. "மூலையெல்லாம் பசைய அப்பி வச்சிருக்கான்" என்று சொல்லி, தானே கண்ணாடி அறுத்து, விளிம்பைத் தேய்த்து, ஒட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் உள்ளே விட்ட மீன்கள் மறுநாள் காலையில் செத்து மிதந்தன.

குளியலறை வேலைக்கு வாங்கிய சிலிகானையே பூசியிருந்தார். அதில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். மனிதர் நின்று குளிக்கும் கண்ணாடிக்கு அது நல்லது; மீனுக்கு விஷம்.

"பழக்கதோஷத்துல மீனுக்கும் குளியலறையே கட்டிட்டீங்க" என்று அக்கா மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"சிரி, சிரி. மறுபடி ஒட்டித் தரேன்."

"நான் இருக்கும்போதே தருவீங்களா?"

அவர் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டி, மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானால் ஒட்டினார். அது காய ஒரு வாரமாகும். மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"இப்பவே தண்ணி ஊத்திடலாம் அத்தான்."

"பச்சையா இருக்கும்போது ஊத்தினா இந்தத் தடவையும் மீன் செத்துடும் மாப்ளே. அவ கண்ணு முன்னாடி இன்னொரு தடவை வேணாம்."

போகவர ஓரங்களைக் குனிந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பசையின் புளித்த வாடை போவதற்குள் அக்கா போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். தொட்டியில் ஆரஞ்சு மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அக்காவின் கட்டிலில், அவள் படுத்த பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"இங்கேருந்து பாத்தா அலமாரி பாதித் தொட்டிய மறைக்குது மாப்ளே. நான் ஒருநாளும் இங்க படுத்துப் பாக்கல."

"நகத்திடலாம் அத்தான்."

அலமாரி கனத்தது. உள்ளேயிருந்த அக்காவின் துணிகளை வெளியே எடுக்க அவர் விடவில்லை. அப்படியே இருவரும் தோள்கொடுத்துத் தள்ளினோம். மூச்சு வாங்க மறுபடி அதே இடத்தில் போய்ப் படுத்தார்.

"இப்ப முழுசாத் தெரியுது" என்றார்.