லிங் வீட்டு விதவைக்கு ஒரு கல்தோரணம்

என் மாமியாருக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியவந்தபோது, நான் அந்த வீட்டுக்கு வாழவந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

லிங்கெங் ஊரில் அவளை எல்லோரும் "தாவ்யுன் பெண்டாட்டி" என்றுதான் சொல்வார்கள். குலப் புத்தகத்தில் "ஹொங் குலத்துப் பெண்" என்று இருக்கும். எனக்கு அத்தை. மணமாகி மூன்றே மாதத்தில், இருபது வயதில், கணவனைப் பறிகொடுத்தவள். பேரரசரை எதிர்த்துக் கிளம்பிய நீளமுடிக் கலகக்காரர்கள் மலையிறங்கி வந்து ஊரைக் கொளுத்திய வருடம் அது. சுமை தூக்க ஆள் வேண்டுமென்று தாவ்யுனைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போனார்கள். அதன்பின் செய்தி இல்லை. பிணம்கூட வரவில்லை.

முப்பது வருடம்! வண்ணத் துணி உடுத்தவில்லை. கறி தொடவில்லை. வாசலில் நின்று அந்நிய ஆணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பண்டிகை தவறாமல் புருஷனின் பெயர் எழுதிய நினைவுப் பலகைக்கு முன்னால் சோற்றுக் கிண்ணம் வைப்பாள். வைத்துவிட்டு, நான் அடுக்களையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பலகையைத் திட்டுவாள்.

"ஓடத் தெரியாதாய்யா உனக்கு? எதிர்வீட்டு நொண்டிகூட ஓடித் தப்பிச்சான். உனக்குக் கால் ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு!"

வம்சம் அற்றுப்போகக் கூடாது என்று பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைத் தத்துக் கொடுத்தார்கள். அவர்தான் என் கணவர் பெய்லின். ஹாங்சோவில் தேயிலைக் கடையில் வேலை. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரையும்போல மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான்.

அத்தைக்கு ஐம்பது நிறைந்ததும் குலத்தலைவர் ஷௌசெங் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதினார். இரண்டு வருடம் கழித்து அனுமதி வந்தது. ஊர் எல்லையில் அவள் கற்புக்குக் கல்தோரணம்! சுன்ஆன் கல்குவாரியிலிருந்து ஆற்றுவழியே படகில் கற்கள் வந்தன. தூண்கள் எழுந்துவிட்டன. எழுத்து செதுக்கிய குறுக்குக்கல் மட்டும் தரையில் கிடந்தது.

அந்தக் கல்லுக்கு ஊதுபத்தி காட்ட அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். கல் சுமக்க வந்திருந்த கிழவன் ஒருவன் அதன்முன் குந்தி உட்கார்ந்து, செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கக் கன்னம் முழுவதும் வெந்து சுருங்கிய தழும்பு.

"யோவ் கிழவா, தூக்கச் சொன்னா படிக்கிறியா? பெரிய பண்டிதர் இவரு!" என்று மேஸ்திரி கத்தினான்.

"என் பேரு போட்டிருக்குப்பா. செத்துட்டேன்னு போட்டிருக்கு" என்றான் கிழவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். அத்தையைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"சாய்பிங்" என்றான்.

அத்தையின் கையிலிருந்து ஊதுபத்தி விழுந்தது. யார் சாய்பிங்? அவள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போன அந்த முகமே பதில் சொல்லிவிட்டது.

ஷௌசெங் ஓடிவந்தார். தாவ்யுனோடு ஒன்றாய் ஓடையில் மீன் பிடித்து வளர்ந்தவர் அவர். ஒரே பார்வைதான், முகம் சாம்பலாகிவிட்டது. கிழவனையும் எங்களையும் குலக்கோயிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"செத்தவன் செத்தவனாவே இருந்திருக்கக் கூடாதாடா, பாவி!"

"கல்லுல பேரைப் பாக்கற வரைக்கும் அப்படித்தானே இருந்தேன், ஷௌசெங்" என்றான் அவன். "ஓடிப் போயிடக் கூடாதுன்னு என் கன்னத்துல அவங்க ராஜ்யத்துப் பேரைப் பச்சை குத்திட்டாங்க. கலகம் அடங்கினப்புறம் அந்த எழுத்தைப் பாத்தா அரசுப் படை தலையை வெட்டுச்சு. நெருப்பை வச்சு நானே சுட்டுக்கிட்டேன். கன்னத்தைச் சுட்டுக்கிட்டவங்களையும் தேடித் தேடி வெட்டினாங்க. மலையில ஒளிஞ்சு, அப்புறம் கல்குவாரி."

அத்தை முதல்முறையாக வாய் திறந்தாள். "ஒரு கடுதாசி போட உனக்குக் கை வரலையா?"

"கலகக்காரன் பெண்டாட்டின்னு உன்னையும் இழுத்துட்டுப் போவாங்களே, சாய்பிங்."

"வேற கல்யாணம்?"

"இந்த மூஞ்சிக்கா?"

ஷௌசெங் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மாடி, நல்லாக் கேட்டுக்க. புருஷன் செத்தான்னு பேரரசருக்கே எழுதிக் குடுத்திருக்கோம். வட்டத்து முத்திரை, மாகாணத்து முத்திரை எல்லாம் விழுந்தாச்சு. இவன் உயிரோட நிக்கறான்னு தெரிஞ்சா இவன் தலைதான் முதல்ல போகும். அடுத்து நம்ம எல்லாரோடதும். உன் மகன் பெய்லினோடதும்தான்! வெளிய வந்து, இவன் யாருன்னே தெரியாதுன்னு ஊர் முன்னால சொல்லு. பைத்தியக்காரன்னு விரட்டி விட்டுடறேன், உயிராவது மிஞ்சும்."

என் கணவரின் பெயரைக் கேட்டதும் அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடுங்கள் அத்தை என்று கெஞ்சத் தோன்றியது. சொல்லாதீர்கள் என்று கதறவும் தோன்றியது. முப்பது வருடம் காத்திருந்த ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது?

அவள் அந்த மனிதனை வெகுநேரம் பார்த்தாள்.

"நீ அழக் கூடாது" என்றாள். "நீ அழுதா என்னால சொல்ல முடியாது."

அவன் தலையை ஆட்டினான். கதவு திறந்தது. வெளியே ஊரே நின்றது.

"இந்த ஆளை எனக்குத் தெரியாது" என்றாள் என் மாமியார்.

குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை! அவன் அழவில்லை. ஊருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தன் சுமைக்கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான். பிள்ளைகள் மண்ணாங்கட்டி எறிந்தார்கள். அதையும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கல் நெஞ்சக்காரி என்று அன்று நான் அவளை மனதுக்குள் வைதேன். அந்தப் பாவத்துக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் முக்காலி போட்டு ஏறினாள். என் கணவர் வந்தால் சமைக்கலாமென்று உத்தரத்தில் நான் கட்டித் தொங்கவிட்டிருந்த உப்புக்கண்டத்தை அறுத்தாள். சோற்றின்மேல் வைத்து வேகவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள்! உதட்டில் கொழுப்பு மினுங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி அப்படிப் பாக்கறே? உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். "கல் இறக்கின படகு எப்பத் திரும்புது?"

"மத்தியானம்... அத்தை, நீங்க..."

"இத்தனை வருஷமா ஒரு மரப்பலகையைத் திட்டிட்டு இருக்கேன். எதிர்ப்பேச்சே இல்லாம திட்டறது எவ்வளவு அலுப்பு தெரியுமா? பதில் சொல்றதுக்கு ஒரு ஆளு வந்திருக்கு. போறேன்."

"ஊர் என்ன சொல்லும் அத்தை?"

"அவன் உயிருக்காக ஊர் கேட்டதைச் சொல்லிட்டேன்ல? இனி எனக்கும் அதுக்கும் பேச்சில்லை. கையைக் குடு, சின்ன வயசுலயே கட்டிக் குறுக்கின இந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடவா முடியும்?"

குறுக்குக்கல் மேலே ஏறிவிட்டது; ஊர் முழுவதும் கல்தச்சர்களுக்கான விருந்தில் இருந்தது. வயல் வரப்பில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். படகில் அவன் கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.

"நகருய்யா, இடம் வேணும்" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். இப்போதுதான் அழுதான். என் தலையை ஒருமுறை தடவிவிட்டு அவள் படகில் ஏறினாள். படகு வளைவு திரும்பும்வரை அவள் குரல் எனக்குக் கேட்டது. திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ஷௌசெங் வந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"உன் மாமியார் நேத்து சாயங்காலம் நெஞ்சுவலியில போயிட்டா."

"ஐயா, அவங்க படகுல..."

"போயிட்டான்னு சொன்னேன்."

அத்தை தனக்கென்று பின்கூடத்தில் அரக்கு பூசி வைத்திருந்த சவப்பெட்டியைத் திறந்தோம். தோரணத்துக்குச் செதுக்கி மிஞ்சிய கற்களை குலத்தலைவரே தன் கையால் சுமந்துவந்து போட்டார். உருளாமலிருக்க நான் பஞ்சுப் போர்வை திணித்தேன். ஆணி அடித்தாயிற்று. எனக்குத் துக்கத்துக்கான சணல் உடை போட்டு, பெட்டிக்கு முன்னால் மண்டியிடச் சொன்னார்கள். "என்னை விட்டுட்டு எங்க போனீங்க அத்தை" என்று ஒப்பாரி வைக்க வேண்டும். எங்கே போனாள் என்று எனக்கல்லவா தெரியும்! சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து வாயைத் திறந்தேன்; நிஜமான அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் வட்டத்து அலுவலகத்திலிருந்து எழுத்தர் வந்தார். கற்கள் நிறைந்த பெட்டிக்கு மூன்றுமுறை தலை தாழ்த்தி வணங்கினார்.

"தோரணம் எழும்பினதும் கடமை முடிஞ்சதுன்னு உயிரை விட்டிருக்காங்க. இப்படி ஒரு உத்தமியைக் கேள்விப்பட்டதே இல்லை. மேலிடத்துக்கு எழுதப்போறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மருமகளா? அழறதைப் பாத்தா அதே ரத்தம் மாதிரி இருக்கு. புருஷன் எங்கே?"

"ஹாங்சோவுல" என்றார் ஷௌசெங்.

"வயசு சின்னதுதான். பொறுமையா இருந்தா, இந்தப் பொண்ணுக்கும் ஒருநாள் இதேபோல ஒரு தோரணம் எழும்பட்டும்!"

வாழ்த்துதான். மனதார வாழ்த்தினார். அந்த வாழ்த்து பலிக்க முதலில் யார் சாக வேண்டும் என்று எனக்கு உறைத்தது. சாவு வீடு என்பதையும், குலத்தலைவர் நிற்பதையும் மறந்தேன்.

"என் புருஷன் உயிரோட இருக்காருய்யா!" என்று அலறினேன்.

துக்கம் முற்றிவிட்டது என்று யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் ஹாங்சோ போகும் தேயிலைப் படகில் என் கடிதம் ஏறிவிட்டது. அதில் இரண்டே வரிதான் இருந்தது: "உடனே வாருங்கள். வர முடியாவிட்டால் நான் அங்கே வருகிறேன்."