நிலையில் மாட்டிய காப்பி மிஷின்

எங்கள் வீட்டில் காப்பி குடிக்கிறவர்கள் யாரும் கிடையாது. எனக்குக் குடித்தால் நெஞ்சைக் கரிக்கும். என் மனைவி ஸ்கூல் டீச்சர். ஸ்டாஃப் ரூம் டீயைக் குடித்துக் குடித்து அவளுக்கு அதுவே பழகிவிட்டது. மகளுக்கு இரண்டுமே வேண்டாம், வெறும் பால் போதும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், காப்பிக்கொட்டை அரைக்கிற கைமிஷின் ஒன்று வேண்டுமென்று தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை நானும் என் மனைவியும் அலைந்தோம்.

அந்த மார்ச் மாதம் அவளுக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னோம். நாற்பதைத் தாண்டிய பெண் கர்ப்பப்பையை எடுத்துவிட்டாள் என்றால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பிரெட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து, வெயிட் தூக்காதீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படித்துக்கொண்டிருந்த மகளுக்கும் அதையேதான் எழுதினோம்.

அவளுக்காகத்தான் அந்தப் பொய்யே. படிப்பு முடிந்ததும் கல்யாணம் செய்ய வேண்டும். தாய்க்கு அந்த நோய் என்று தெரிந்தால் எந்த வீட்டிலிருந்து வந்து பெண் கேட்பார்கள்? ரத்தத்திலேயே இருக்குமாமே என்று நாலு பேர் சொன்னால் போதாதா? சபையில் சொல்லலாம் என்றால், அது அன்றைக்கே பெண்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகிவிடும். அடுத்த வாரம் பல்லாவரத்துச் சபையில் கண்ணீரோடு ஜெபிப்பார்கள், அதற்கடுத்த வாரம் செங்கல்பட்டில். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்களே, நாங்கள் ஒரே ஒரு பொய்யைத்தான் சொன்னோம். அதை ஆயிரம் பேரிடம் சொன்னோம்.

பொய் வயிற்றைப் பற்றியது. கெட்டுப்போனதோ கை. வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. தலை வாரக்கூட நான்தான் சீப்பைப் பிடித்தேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் அவள் கரும்பலகையில் எழுத வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவளுக்குக் கை ஏன் தூக்க வரவில்லை என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டுவிடும்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா, சுவர் ஓரமாக நின்று விரல்களைச் சுவரில் மேலே மேலே நடத்திக்கொண்டு போகச் சொன்னார். கையைச் சும்மா வைத்திருந்தால் தோள் கட்டிப்போகும் என்றார். சொல்வதற்கு என்ன! எங்கள் வீட்டின் பின்பாதியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கிணறு பொது, துணி துவைக்கிற கல் பொது, அந்த வீட்டு அம்மாவின் பேச்சும் எல்லாருக்கும் பொது. எங்கள் சமையலறை வாசலில் நின்று பேசாமல் அவளுக்கு ஒரு பொழுதும் போகாது. கதவைச் சாத்தினால், என்ன டீச்சர், உடம்பு முடியலையா என்று தட்டுவாள். சுவரில் விரலை நடத்துகிறபோது வலியில் என் மனைவி முனகுவாள். அதையும் மறைக்க வேண்டியிருந்தது.

மிஷின் யோசனை அவளுடையதுதான். அந்தப் பயிற்சி அம்மா, கைப்பிடியைச் சுற்றுகிற வேலை எதுவாக இருந்தாலும் நல்லது என்று சொல்லியிருந்தார். இவளோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வீட்டில் சுவரில் அறைந்த காப்பி மிஷின் இருந்ததாம். அதை உயரத்தில் மாட்டினால் நின்றுகொண்டு கையைத் தூக்கித்தானே சுற்றியாக வேண்டும்? யார் பார்த்தாலும் டீச்சர் காப்பி அரைக்கிறாங்க, அவ்வளவுதான். சத்தமும் அதுவே போடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் காப்பித்தூளில் மறைத்தாள்.

முதலில் பாரிமுனைப் பாத்திரக் கடைகளுக்குப் போனோம். ஒரு கடையில் மரப்பெட்டி மிஷின் காட்டினார்கள். அடியில் தூள் விழ ஒரு இழுப்பறை, மேலே கைப்பிடி. தரையில் உட்கார்ந்து தொடையிடுக்கில் வைத்துச் சுற்ற வேண்டும். கை இடுப்பைத் தாண்டாது, வேண்டாம் என்றாள். இன்னொன்று மேசை விளிம்பில் திருகு வைத்து இறுக்குவது. எங்கள் சமையல் மேடை கடப்பாக்கல். அந்தத் திருகின் வாய் கல்லின் கனத்துக்குத் திறக்காது. பித்தளையில் ஒன்று இருந்தது, பார்க்க லட்சணமாக. விலையைக் கேட்டதும் தொட்ட கையை எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கரண்டு வைக்க, அதாவது ரேடியேஷன் கொடுக்க, ஆகப் போகிற செலவே முழி பிதுங்க வைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

கடைக்காரர் பொறுமைசாலி. அலமாரியின் மேல்தட்டில் ஒரு மிஷினை வைக்கச் சொல்லி, கீழே நின்று சுற்றிப் பார்த்தாள் இவள். பாதிச் சுற்றில் முகம் வெளுத்துப்போனது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். மேலே ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கிறவன் மாதிரி நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு எரிச்சல். அவள்மேலா, மிஷின்மேலா, ஆண்டவர்மேலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் கிடைத்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். உடைந்த நாற்காலி, பழைய சைக்கிள் செயின், கைகால் இல்லாத பொம்மை இவற்றுக்கு நடுவில் கோணி விரித்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பலகையில் அறைந்த வார்ப்பிரும்பு மிஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மேலே கொட்டை போட ஒரு கிண்ணம், பக்கவாட்டில் நீளமான கைப்பிடி.

"செவுத்துல மாட்றது சார் இது. ஓட்டல் சாமான். பல்லு நல்லா கீது, தொட்டுப் பாரு. இந்தத் திருகை இறுக்கிக்கினா நைசா வரும், லூசா வுட்டா கொரகொரன்னு வரும்" என்றான்.

அவள் குனிந்து, இறுக்கினால் சுற்றக் கஷ்டமாக இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றான். லூசாக விட்டால்? சின்னப் பிள்ளையும் சுற்றும் என்றான். என் பக்கம் திரும்பி, இதுதாங்க என்றாள். நான் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் அதைத் தூக்கப் போய், கை வராமல் நின்றுவிட்டாள். நான் தூக்கிக்கொண்டேன்.

நான் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தவன். திருகும் துளையும் எனக்கு அன்றாடப் பாடு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவை எடுத்து, சமையலறை வாசலின் நிலையில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே பலகையோடு அறைந்தேன். வேம்பு நிலை, நல்ல உறுதி. கொட்டை வாங்க ஸ்டேஷன் பக்கம் போனால், நானே அரைத்துத் தருகிறேனே சார், எதற்கு வீட்டில் அவதி என்று கடைக்காரர் கேட்டார். உங்கள் தூளில் புளியங்கொட்டை கலக்கிறீர்கள் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றேன். பாவம், தங்கமான மனுஷன். அதற்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அரைப்பாள். கடகடவென்று இரும்பு பல்லைக் கடிக்கிற சத்தம். அதற்குள்தான் அவள் முனகுவாள். பின்வீட்டு அம்மா வாசலில் நின்று, டீச்சருக்குக் காப்பிப் பைத்தியம் பிடிச்சிடுச்சு என்று சிரிப்பாள். இவளும் சிரிப்பாள், நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். நான் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்துவேன். வெயில் அடிக்கிறது என்பேன்.

கை கொஞ்சம் எழும்பியதும், மிஷினைக் கழற்றி நாலு விரல்கடை மேலே மாட்டச் சொல்வாள். பழைய துளைகள் அப்படியே நிற்கும். பிறகு திருகைக் கொஞ்சம் இறுக்கச் சொல்வாள். ஆரம்பத்தில் தூள் மணல் மாதிரி இருந்தது. ஃபில்டரில் போட்டால் கழுநீராக இறங்கும். அதையும் கொட்ட மனசில்லாமல் நான்தான் குடித்தேன், நெஞ்சு எரிய எரிய. நாள் போகப் போகத் தூள் மாவு மாதிரி ஆனது. அவள் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை எனக்கு அந்த டம்ளர் சொன்னது. மிச்சத் தூளைப் பொட்டலம் கட்டிப் பின்வீட்டுக்கும் பாஸ்டர் வீட்டுக்கும் கொடுத்தோம். டீச்சர் வீட்டுக் காப்பித்தூள் என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது, போங்கள்.

மே மாதம் மகள் லீவுக்கு வந்தாள். ரவிக்கைக்குள் பஞ்சும் பழைய துணியும் வைத்து அவள் அம்மாவே தைத்திருந்தாள். மகள் கட்டிப்பிடிக்க வந்தபோதெல்லாம் இடது பக்கத்தைக் கொடுத்தாள். அந்த மிஷினைப் பார்த்து, இது என்ன காப்பி கிளப்பா என்று மகள் கேலி செய்தாள். நான் அரைக்கட்டுமா என்று கைப்பிடியைப் பிடித்தவளை, இது என் வேலை, நீ போய்ப் படி என்று அம்மா அதட்டினாள். அவள் மகளை அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளின் வலது தோளெல்லாம் சாக்பீஸ் தூள். தோளைத் திருப்பிக் காட்டினாள். பலகையின் மேல் வரியில் எழுதியிருக்கிறாள்! தெருவில் நின்று அழுதுவிடுவேனோ என்று பயந்து, சீக்கிரம் டீ போடு என்று கத்தினேன்.

மகள் கல்யாணம் நாங்கள் நினைத்தபடியே நல்ல இடத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. கல்யாணத்தன்று வலது கையைத் தூக்கி மகள் தலையில் வைத்து ஆசீர்வதித்தாள் என் மனைவி. அந்தப் போட்டோவை இப்போதும் என்னால் அதிக நேரம் பார்க்க முடியாது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஈரலில். கண்ணெல்லாம் மஞ்சளித்ததால் காமாலை என்று சொன்னோம். பேறுகாலம் முடிந்த பச்சை உடம்புக்காரியை அலைக்கழிக்க வேண்டாம் என்று மகளுக்கும் காமாலை என்றே சொன்னோம். செத்த பிறகும் யாரும் என் ரவிக்கையைக் கழற்றக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என் மனைவி கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரி நர்சுகளிடம் கெஞ்சி, அங்கேயே குளிப்பாட்டி உடுத்தி உடலை வாங்கி வந்தேன். மகள் சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சம்பந்தி வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள். மிஷினைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். துளைகளுக்கு மக்கு வைத்து அடைக்க மனம் வரவில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில், மகளுக்கும் வந்தது.

பெங்களூரில் ஆபரேஷன் முடிந்து, கொஞ்ச நாள் அப்பா வீட்டில் இருக்கிறேன் என்று எட்டு வயதுப் பெண்பிள்ளையோடு வந்தாள். பிள்ளையிடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். சமையலறைச் சுவரில் விரல்களை வைத்து மகள் மேலே நடத்திக்கொண்டிருந்ததை ஒருநாள் காலை பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பரணில் ஏறி மிஷினை எடுத்தேன். நிலையின் ஆகக் கீழே இருந்த துளைகளில் வைத்துத் திருகினேன். திருகு தடுமாறாமல் உள்ளே போனது.

மகள் மிஷினைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைக்கு மேல்வரை போகிற துளைகளைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். தோளுக்கு மேலே அவளுக்கு எட்டவில்லை.

"அம்மாவுக்குமாப்பா?"

தலையை ஆட்டினேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிலையில் சாய்ந்துகொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். "கட்டி தட்டுப்பட்டு ஒரு வருஷம் சும்மா இருந்துட்டேன்பா. நம்ம வீட்ல யாருக்கும் இல்லையே, எனக்கு எப்படி வரும்னு. டாக்டர் கேட்டப்பவும் யாருக்கும் இல்லன்னுதான் சொன்னேன்."

அவள் வாழ வேண்டும் என்றுதான் மறைத்தோம்.

அவள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். கொட்டை போடவில்லை, வெறும் இரும்பின் சத்தம். அதைக் கேட்டுப் பிள்ளை ஓடிவந்தது. "என்னம்மா பண்றே?"

பின்வீட்டு அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் கால் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் போனது. கதவில் கையும் வைத்துவிட்டேன்.

"தொறந்தே இருக்கட்டும்பா" என்றாள் மகள். பிறகு பிள்ளையை இழுத்து நிறுத்தி, கிணற்றடிக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லடா. மார்ல கேன்சர். அதை எடுத்துட்டாங்க, அதான் கை தூக்கிப் பழகுறேன். உங்க பாட்டிக்கும் இருந்துச்சு. நீ பெரியவளானதும் இதை டாக்டர்கிட்ட சொல்லணும், சரியா?"

பிள்ளை சரி என்றது. கிணற்றடியில் துணி அடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. நான் ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன்.