தட்டம்மை அழித்த ஞாபகம்

மகளுக்குத் தட்டம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வாசலில் செருகிய வேப்பிலையையும் எடுத்துவிட்டோம். ஆனால் அதன்பிறகு மாதம் தவறாமல் காய்ச்சல், சளி, காதுவலி. ஏன் என்று அடையாறு டாக்டர் சொன்னபோது நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். முன்பு வந்த கிருமிகளை உடம்பு ஞாபகம் வைத்திருக்குமாம். தட்டம்மை அந்த ஞாபகத்தையே நிறைய அழித்துவிடுமாம்! தடுப்பூசி போட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்காதாம்.

பட்டினப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் பறந்தேன். மீன் விற்கும் எதிர்வீட்டுப் பெண், ஒன்பது மாதக் குழந்தையோடு வாசலில் நின்றாள். உடனே ஊசி போடலாம் வா என்றேன்.

"ஊசி இன்னாத்துக்குக்கா? ஒருதபா அம்மா வந்துட்டுப் போனா உடம்பு கெட்டியாயிடும்னு நீதானே சொன்னே?"

திரும்பிய ஆட்டோவைக் கத்தி நிறுத்தினேன்.

"நான்தான் சொன்னேன். தப்பா சொன்னேன். ஏறு!"